பலாலியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்?

"பிள்ளை, பலாலியில இருந்து மெட்ராசுக்கு எவ்வளவு தூரம்?"

சுன்னாகம் பகுதியில் நாங்கள் நடத்தும் பெண்கள் சேமிப்புக் குழுவின் மாதக் கூட்டம் முடிந்து, பதிவேட்டை மூடிக்கொண்டிருந்த வேளையில்தான் இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் ஐம்பத்தெட்டு வயதான ஒரு தாய். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், குழுவில் எல்லோரும் அழைப்பதுபோல மயிலிட்டி அக்கா என்றே இங்கும் குறிப்பிடுகிறேன்.

மயிலிட்டி அவருடைய ஊர். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர். அன்றிலிருந்து பள்ளிக்கூடம், நலன்புரி முகாம், வாடகைக் காணி என்று மாறிமாறி இருந்து இப்போது சுன்னாகத்தில் ஒரு சிறு வீட்டில் தனியே வாழ்கிறார். கணவர் தொண்ணூறுகளின் நடுவில் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அக்காவுக்கு ஒரே ஒரு தங்கச்சி. மன்னார்ப் பக்கம் கலியாணம் முடித்துப் போனவர், அதே 1990இல் தலைமன்னாரிலிருந்து வள்ளத்தில் தனுஷ்கோடிக்குப் போய்ச் சேர்ந்தார். மண்டபத்தில் பதிந்து, பிறகு திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள ஒரு முகாமுக்கு அனுப்பப்பட்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். 2004இல் தாயார் இறந்தபோது வர முடியவில்லை. சகோதரிகள் இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்து 34 வருடங்கள் ஆகியிருந்தன.

இந்தப் பின்னணி தெரிந்திருந்தும் நான் உடனே பதில் சொல்லவில்லை. தெரியாது என்பதுதான் உண்மை. "பஸ்ஸில கொழும்புக்குப் போய்..." என்று வழக்கமான வழியைச் சொல்லத் தொடங்கினேன். அக்கா இடைமறித்தார். "கொழும்பைக் கேக்கேல்லைப் பிள்ளை. பலாலியில இருந்து நேர."

அன்றிரவு என் தம்பியின் பழைய பாடசாலைத் தேசப்படத்தை எடுத்து, அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தேன். பிறகு இணையத்திலும் சரிபார்த்தேன். பலாலிக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையில் நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையில் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். அதாவது யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு வடக்கே சென்னையும் தெற்கே கொழும்பும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். எங்கள் வீட்டுத் தராசில் இரண்டு தட்டும் சமமாக நின்றதுபோல இருந்தது.

இன்னுமொன்றையும் கண்டேன். கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு நேர்கோடு இழுத்தால் ஏறத்தாழ 640 கிலோமீற்றர் வரும். அந்தக் கோடு எந்த ஊரின் மேலால் போகிறது தெரியுமா? யாழ்ப்பாண நகரத்தின் மேலால். விமானங்கள் எப்போதும் அடிமட்டக் கோட்டில் பறப்பதில்லை, காற்றையும் வான்பாதையையும் பார்த்துச் சற்று விலகும் என்பது வேறு விடயம். ஆனால் கணக்கு இதுதான்: இத்தனை வருடங்களாக எங்கள் சனம் சென்னைக்குப் போவதற்கு, 350 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே பஸ்ஸில் இரவிரவாகப் போய், கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, திரும்பவும் தங்கள் வீட்டுக் கூரைக்கு மேலாக வடக்கே பறந்திருக்கிறார்கள். 355 கிலோமீற்றர் போக ஆயிரம் கிலோமீற்றர்!

அடுத்த கூட்டத்தில் தேசப்படத்தை விரித்து இதைக் காட்டியபோது சிலர் சிரித்தார்கள். மயிலிட்டி அக்கா மட்டும் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு கனநேரம் பேசாமல் இருந்தார்.

இந்த நேர்வழி புதிதாகக் கண்டுபிடித்த வழி அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படையினர் பலாலியில் ஓடுபாதை அமைத்தார்கள். 'எயர் சிலோன்' நிறுவனத்தின் முதலாவது பயணிகள் விமானம் 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்தில் இறங்கி, மெட்ராஸ் போனது. நாட்டின் சுதந்திரத்துக்கே இன்னும் இரண்டு மாதங்கள் இருந்த நேரம் அது. தேசிய விமான சேவையின் முதற்பயணமே பலாலி வழியாகத்தான் நடந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் பிற்பகுதியோடு அந்த நேரடித் தொடர்பு அறுந்துபோனது. ஏறக்குறைய நாற்பது வருடங்களின் பின், 2019 ஒக்ரோபர் 17இல் பலாலி 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்ற பெயரில் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12இல் மீண்டும் வந்தது. 2024 செப்ரெம்பர் 1இல் 'இண்டிகோ' நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. அக்காவின் காதுக்கு எட்டியது அந்தச் செய்திதான்.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

ஒரு மணித்தியாலம் என்றேன். சொல்லும்போதே எனக்கு அம்மாவின் நினைவு வந்தது.

2006 ஓகஸ்ட் மாதத்தில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது எனக்குப் பதினாறு வயது. குடாநாட்டை விட்டு வெளியே போவதென்றால் கப்பல், இல்லாவிட்டால் விமானம். இரண்டுக்கும் முதலில் 'கிளியரன்ஸ்' வேண்டும். அந்த ஆண்டு கார்த்திகை மாதத்தில் அம்மா தன் மார்பில் ஒரு கட்டி இருப்பதைக் கண்டார். கொழும்புக்குப் போய்க் காட்டும்படி இங்கே வைத்தியர் கடிதம் தந்தார். கடிதம், அடையாள அட்டைப் பிரதிகள், விதானையாரின் உறுதிப்படுத்தல், படங்கள் எல்லாம் கொடுத்துவிட்டு அனுமதிக்காகக் காத்திருந்தோம். அனுமதி வந்தது, ஆசனம் இல்லை. ஆசனம் கிடைத்தது, அன்றைய பறப்பு இல்லை. மொத்தம் ஒன்பது கிழமைகள்.

போகும் நாளும் அப்படியே. விடியற்காலையில் வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, நகரத்தில் வரிசையில் நின்று, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, பஸ்ஸில் ஏறி, இறங்கி, திரும்பவும் அவிழ்த்துக் காட்டி, இன்னொரு பஸ்ஸில் ஏறி ஓடுபாதைக்குப் போய்ச் சேர மத்தியானம் கடந்துவிட்டது. விசிறி சுழலும் சிறிய விமானம். யன்னலால் பார்த்தால் நிலமே தெரியவில்லை. வன்னியின் மேலாகப் போகாமல் மேற்கே கடற்பக்கமாகத்தான் பறந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். 1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி இதே பலாலியிலிருந்து இதே இரத்மலானைக்குப் புறப்பட்ட 'லயன் எயர்' விமானம் இரணைதீவுக் கடற்பக்கமாகச் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் மாண்டார்கள். (போர் முடிந்து சில வருடங்களின் பின்னரே அதன் சிதைவுகளைக் கடலடியிலிருந்து எடுத்தார்கள். 2014ஆம் ஆண்டு தை மாதத்தில், அவர்களுடைய உடுப்புகளையும் உடைமைகளையும் உறவினர்கள் அடையாளம் காண யாழ்ப்பாணத்தில் பரப்பி வைத்தார்கள்.)

ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும். இரத்மலானையில் இறங்கியதும் அம்மா கண்ணைத் திறந்து, "இவ்வளவுதானோ?" என்று கேட்டார்.

கொழும்பில் பார்த்த வைத்தியர் ஆங்கிலத்தில் என்னிடம்தான் கேட்டார்: ஏன் இவ்வளவு நாள் வைத்துக்கொண்டிருந்தீர்கள்? ஒரு மணித்தியாலப் பயணம் என்று அவருக்குத் தெரியும். அதற்கு முன் இருந்த ஒன்பது கிழமைகளை எந்த ஆங்கிலத்தில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அம்மா 2008இல் இறந்துபோனார். ஒன்பது கிழமைகள் முன்னதாகப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று பின்னாளில் ஒரு வைத்தியரிடம் கேட்டேன். அப்படி யாராலும் சொல்ல முடியாது என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும். பிறகு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது 'சமூகத் தூரம்' என்று பொகார்டஸ் என்ற அமெரிக்க அறிஞரின் அளவுகோல் ஒன்றைப் பரீட்சைக்குப் பாடமாக்கினேன். நல்ல புள்ளியும் வந்தது. ஆனால் தூரத்தைப் பற்றி நான் அறிந்துகொண்டது அந்தப் பாடத்தில் அல்ல.

ஆகவே மயிலிட்டி அக்காவிடம் ஒரு மணித்தியாலம் என்று சொல்லிவிட்டு, "ஆனா அக்கா, அந்த ஒரு மணித்தியாலத்துக்கு முன்னால கன வேலை இருக்கு" என்றும் சொன்னேன்.

முதலாவது வேலை கடவுச்சீட்டு. அக்காவின் பிறப்புச் சான்றிதழ் 1990ஆம் ஆண்டு மயிலிட்டி வீட்டு அலுமாரியில் இருந்தது. இன்று அந்த அலுமாரியும் இல்லை, வீடும் பார்க்கக் கிடைக்கவில்லை. பிரதி எடுத்தால் அதிலே தகப்பன் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம். ஓர் அலுவலகத்தில் இரண்டும் ஒரே ஆள் என்று கடிதம் கேட்டார்கள். கடிதத்தோடு போனால், கடிதத்தில் திகதி பிழை. அக்காலத்தில் கடவுச்சீட்டுக்கு வெளி மாவட்டத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. விடிய முன்னம் வரிசைக்கு நிற்க வேண்டும் என்பதால் நடுச்சாமத்தில் பஸ் ஏறினோம். இப்படி மூன்று தடவை. போய்வந்த தூரத்தைக் கூட்டிப் பார்த்தேன்: எண்ணூறு கிலோமீற்றருக்கு மேல். பலாலியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பி வருவதே 710 கிலோமீற்றர்தான்! பதிவேட்டில் போக்குவரத்துச் செலவு எழுதும்போது அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. 2025 செப்ரெம்பரில் யாழ். மாவட்டச் செயலகத்திலேயே கடவுச்சீட்டுக்கான பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டுவிட்டது. உங்களில் யாருக்காவது பயண எண்ணம் இருந்தால், இனி அவ்வளவு அலைச்சல் இராது. ஆனால் பெயர் எழுத்துக்களை இப்போதே ஒப்பிட்டுப் பார்த்து வையுங்கள். கடவுச்சீட்டில் உள்ளது போலவே ரிக்கெற்றிலும் விசாவிலும் ஓரெழுத்தும் மாறாமல் பெயர் இருக்க வேண்டும்.

இந்திய விசாவுக்கு இணையம் மூலம் நான் விண்ணப்பித்துக் கொடுத்தேன். ரிக்கெற் காசில் பாதி அக்கா கருவாடு வெட்டிச் சேர்த்தது, மீதி சீட்டெடுத்தது. வெளிநாட்டிலிருக்கும் மருமகன் ஒருவர் தருகிறேன் என்றாராம். "தங்கச்சியைப் பாக்கிறதுக்கு நான் ஆற்றையும் காசில போகமாட்டன்" என்று அக்கா மறுத்துவிட்டார்.

ரிக்கெற் வந்ததும் அதை வைத்துக் குழுவில் ஒரு சிறு பாடமே நடத்தினோம். முதன்முறை பறக்கப் போகும் வாசகியருக்கும் உதவும் என்பதால் அதை இங்கும் எழுதுகிறேன். ரிக்கெற்றில் போட்டிருக்கும் நேரங்களைக் கழித்துப் பார்த்தால் சென்னைக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம் வரும். வானில் இருப்பதோ அதைவிடக் குறைவு. விசிறி பூட்டிய 'ஏ.ரி.ஆர்.' விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். அந்த வேகத்தில் 355 கிலோமீற்றருக்கு முக்கால் மணித்தியாலமே போதும். ஆனால் எழும்பும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. தரையில் மெல்ல உருண்டு போகும் நேரமும் உண்டு. சென்னை போன்ற நெருக்கடியான நிலையத்தில் இறங்க முறை வரும்வரை சுற்றவும் நேரிடும். அதனால்தான் அட்டவணையில் கூட்டிப் போடுகிறார்கள். பெரிய 'ஜெற்' விமானம் என்றால் இன்னும் கெதியாகப் போகலாமே என்று ஒருவர் கேட்டார். பலாலியில் 2019இல் பாவனைக்குத் தயார்செய்த ஓடுபாதை 1,400 மீற்றர்தான். பெரிய விமானங்களுக்கு அது போதாது. எழுபது பேர் அளவில் ஏறும் விமானங்களே அங்கு வந்து போகின்றன.

நேரத்தைப் பற்றி இன்னொரு சங்கதி. ரிக்கெற்றில் எப்போதும் புறப்படும் இடத்துக்குப் புறப்படும் இடத்தின் நேரமும், இறங்கும் இடத்துக்கு இறங்கும் இடத்தின் நேரமும் போடப்படும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இப்போது ஒரே நேரம், ஆகவே கழித்தால் சரி. துபாய் எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. அங்கு வேலைக்குப் போன மகளின் ரிக்கெற்றை வைத்து ஒரு தாய், "மூண்டு மணித்தியாலத்தில போட்டாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றரையைக் கூட்டினால் நாலரை. அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் பசித்திருக்கும் என்று அந்தத் தாய் உடனே கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். வயதில் மூத்தவர்களுக்கு 'பழைய நேரம், புதிய நேரம்' ஞாபகம் இருக்கும். 1996 முதல் 2006 ஏப்ரல் வரை கொழும்பு மணிக்கூடு முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தது. வன்னியில் பழைய நேரமே ஓடியது. ஓமந்தையிலும் முகமாலையிலும் கடந்தபோது அரை மணித்தியாலத்தைக் கூட்டிக் கழித்த சனத்துக்கு இது ஒரு பெரிய கணக்கல்ல.

காது அடைப்பதைப் பற்றியும் கேட்டார்கள். எழும்பும்போதும் இறங்கும்போதும் ஒரு இனிப்பை வாயில் போட்டு எச்சிலை விழுங்கினால் போதும்.

2025ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள். அக்கா விமானத்துக்கு நான்கு மணித்தியாலம் முன்னதாகவே வெளிக்கிட்டு நின்றார். தேவையில்லை, மூன்று மணித்தியாலம் போதும் என்று சொல்லியும் கேட்கவில்லை. பொதியில் பனங்கட்டி, புழுக்கொடியல், தானே உப்புப்போட்டுக் காயவைத்த பாரைக் கருவாடு. கருவாட்டை எத்தனை பைகளால் சுற்றியும் மணம் போகவில்லை. அதை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். "அவள் கேட்டது இது ஒண்டுதான் பிள்ளை" என்றார்.

முச்சக்கரவண்டியில் போகும்போது அக்கா பேசவில்லை. பலாலிப் பக்கம் அவருக்குத் தெரியாத இடமல்ல. சிறுபிள்ளையாகத் தகப்பனின் சைக்கிள் பாரில் இருந்து போன வழிகள் அவை. அவருடைய காணி இன்னும் விடுவிக்கப்படாத பகுதிக்குள் இருக்கிறது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஆடியில் விடுவிக்கப்பட்டபோது ஓடிப்போய்ப் பார்த்தவர்களில் அக்காவும் ஒருவர். கடற்கரை வரை போகலாம். காணிப் பக்கம் திரும்ப முடியாது. வேலியோரம் நின்று கையை நீட்டி, "அந்தப் பனையளுக்கு அங்கால" என்று காட்டிவிட்டு வந்தவர். இந்தப் பயணத்துக்குப் பின்னர், 2025 ஏப்ரலில், வசாவிளானிலிருந்து பலாலி போகும் பிரதான வீதியை நிபந்தனைகளோடு திறந்தார்கள். அன்றைக்கு அதுவும் இல்லை.

நிலையத்தின் வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள். அக்கா உள்ளே போய், திரும்பி வந்து, என் கையில் வீட்டுத் திறப்பைத் தந்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போனார். கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க மறக்க வேண்டாமாம்.

நான் உடனே வீட்டுக்குப் போகவில்லை. வெளியே ஒரு மரத்தடியில் நின்றேன். விமானம் எழும்பியபோது மணிக்கூட்டைப் பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலமும் ஐந்து நிமிடமும் கழித்து, தெரியாத இந்திய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தங்கச்சியின் குரல். "அக்கா வந்திட்டா" என்று மட்டும் சொன்னார். அதன் பின் கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை, தொலைபேசியையும் வைக்கவில்லை. பின்னால் சனத்தின் இரைச்சலும் அறிவித்தல்களும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. நானும் வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

தங்கச்சி முகாமிலிருந்து மீனம்பாக்கம் வந்து சேர்ந்த கதையை அக்கா பிறகு சொன்னார். நகரத்துக்கு வடக்கே இருக்கிறது அவர்களுடைய முகாம். விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே. முகாமில் சொல்லிவிட்டு வெளிக்கிட்டு, பஸ், ரயில், திரும்ப இன்னொரு ரயில் என்று மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடித்ததாம். அக்கா கடல் கடந்து வந்ததைவிடத் தங்கச்சி சென்னைக்குள்ளேயே வந்ததுதான் கூடிய நேரம்.

இருவரும் ஒருவரையொருவர் உடனே அடையாளம் காணவில்லை. தங்கச்சி இருபது வயதுப் பெட்டையாகப் போனவர், இப்போது பேரப்பிள்ளை கண்டவர். அக்காவோ தாயாரைப் போலவே ஆகிவிட்டார். "அவள் என்னைக் கண்டிட்டு 'அம்மா' எண்டு கூப்பிட்டிட்டாள்" என்று சொல்லும்போது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு கிழமைகள் முகாமுக்கு வெளியே ஓர் உறவினர் வீட்டில் தங்கினார்கள். பகலில் சமைத்தார்கள், இரவில் கதைத்தார்கள். தாயாரின் செத்தவீட்டை ஒன்றும் விடாமல் சொல்லச் சொல்லித் தங்கச்சி கேட்டாராம். யார் யார் வந்தார்கள், என்ன சீலை உடுத்தினார்கள், எந்தச் சுடலை, எத்தனை மணி. சொல்லி முடிக்க மூன்று இரவுகள் போனதாம்.

திரும்பி வந்த அக்காவிடம் குழுவில் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: மேலே இருந்து பார்க்க எப்படி இருந்தது?

"யன்னல் பக்கம்தான் தந்தவை. எழும்பினவுடன துறைமுகத்துக் கல்லணை வடிவாத் தெரிஞ்சுது. எங்கட பக்கம் பனையும் பத்தையும்தான். கிணத்தைத் தேடினன். எங்கட கிணறு பெரிசு, கட்டுக்கிணறு. தேடிக்கொண்டு இருக்கேக்கையே கடல் வந்திட்டுது." சற்று நின்று, "ஒரு நிமிசம்கூட இல்லைப் பிள்ளை" என்றார்.

வரும்போது வேறு பக்க ஆசனம் கிடைத்ததாம். எழும்பிப் பார்க்க விடவில்லை.

இந்தக் கதையை எழுதத் தொடங்கிய பின் குழுவில் தூரம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். திருச்சியில் உறவுகள் இருப்பவர்களுக்கு ஒரு நற்செய்தி சொன்னேன். 2025 மார்ச் 30 முதல் பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே விமானம் தொடங்கியது. நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீற்றர், சென்னைத் தூரத்தில் பாதி. கொட்டப்பட்டு முகாம் திருச்சி விமான நிலையத்துக்கு அருகிலேயே இருப்பதால், அங்கே ஆட்கள் உள்ளவர்களுக்குத் தங்கச்சியின் மூன்று மணித்தியால அலைச்சலும் இராது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்ரோபரில் தொடங்கிய கப்பல் இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. கடல் நேரம் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். வானிலையைப் பொறுத்து இடைநிறுத்துவார்கள், கேட்டுவிட்டே பதிய வேண்டும்.

அக்காவின் தங்கச்சி திரும்பி வந்து இங்கே இருக்க விரும்புகிறார். அவருக்கு அங்கே பிறந்த பிள்ளைகள் இருவர். அவர்களுடைய பிறப்பை இலங்கைப் பிரசையாகப் பதிவதற்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத் தாயின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் தேவை. அது பழைய அலுமாரிக்குள் அக்காவின் சான்றிதழுக்குப் பக்கத்தில் இருந்தது. பிரதிக்கு நாங்கள் விண்ணப்பித்திருக்கிறோம். தகப்பன் பெயர் இதில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று இன்னும் பார்க்கக் கிடைக்கவில்லை.

போன கூட்டத்தில் அக்கா தேசப்படத்தைக் கேட்டு வாங்கினார். பலாலிக்கும் சென்னைக்கும் நான் பென்சிலால் இழுத்த கோடு கைபட்டு மங்கிப்போயிருந்தது. அடிமட்டத்தை வைத்து அதைத் திரும்பவும் இழுத்துத் தரச் சொன்னார். "இந்த முறை பேனையால இழு பிள்ளை."